காற்றைக் குறுக்காக்கிய கோடு

தமிழில் காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையை வைத்துப் பெயர். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து வந்தால் கோடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். விமான நிலையத்தில் இந்தப் பெயர்களுக்கு வேலையில்லை. அங்கே காற்று மூன்றே வகை: எதிர்காற்று, பின்காற்று, குறுக்குக்காற்று. இவை காற்றின் குணத்தைச் சொல்லும் பெயர்கள் அல்ல. தரையில் ஓடுபாதை எந்தப் பக்கமாக நீண்டு கிடக்கிறது என்பதைச் சொல்பவை. ஒரே தென்றல், கிழமேலாக அமைந்த பாதைக்குக் குறுக்குக்காற்று. தென்வடலாக அமைந்த பாதைக்கு எதிர்காற்றோ பின்காற்றோ ஆகிவிடும். சிறு விமானத்தைக் குறுக்குக்காற்றில் இறக்கும் வித்தையை இன்று எல்லாப் பயிற்சி விமானிகளும் கற்கிறார்கள். பறத்தல் தொடங்கிய நாள் முதலே இருந்துவரும் பாடம்போல அது தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விமானம் பிறந்து முதல் முப்பது ஆண்டுகளில், நல்ல மைதானம் வாய்த்த விமானிக்கு இந்த வித்தை எப்போதாவது தேவைப்பட்டது. அதை அன்றாடப் பாடமாக்கியது காற்றல்ல, கான்கிரீட். மைதானம் சுருங்கிக் கோடானபோது எழுந்த சிக்கலை முதலில் தரை சுமந்தது, பிறகு இயந்திரம் சுமந்து பார்த்தது; இரண்டும் பெரும்பகுதியைக் கைவிட்ட பிறகு, மிச்சம் விமானியின் கைக்கும் காலுக்கும் வந்து சேர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், அங்கே விடாமல் வீசும் காற்று. 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் மணலில் கிடத்திய 60 அடி நீளத் தண்டவாளம் காற்றை நேர்முகமாகப் பார்த்துக் கிடந்தது. உலகின் முதல் ஓடுபாதை என்று அதைச் சொல்லலாம். அதன் சிறப்பு, அதைத் தூக்கித் திருப்பிப் போடலாம் என்பது. அடுத்த ஆண்டு டேட்டன் நகருக்கு அருகே ஹஃப்மன் புல்வெளியில் பறந்தபோதும், காற்று திசை மாறினால் தண்டவாளத்தைப் பெயர்த்து வேறு பக்கம் பார்க்கப் போட்டார்கள். அதற்குப் பின் வந்த விமானத்தளங்களுக்குத் தண்டவாளமும் தேவைப்படவில்லை. அவை பரந்த புல்வெளிகள். ‘பாதை’ என்று ஒன்று அங்கே இல்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு காற்றுப்பை, தரையில் ஆங்கில எழுத்து ‘டி’ வடிவில் ஓர் அடையாளம். விமானி மேலிருந்து அவற்றைப் பார்த்து, காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி இறங்குவார். லண்டனின் கிராய்டன் விமான நிலையம் 1920 முதல் 1959 வரை இயங்கியது; கடைசி வரை அங்கே விமானங்கள் புல்வெளியில்தான் இறங்கின. பெர்லினின் டெம்பல்ஹாஃப் நிலையத்தை 1930-களில் விரிவாக்கியபோதும் நடுவில் நீள்வட்டப் புல்வெளியையே வைத்தார்கள். கடலில் இந்த வசதி இன்னும் பொருத்தமாக அமைந்தது. 1917 ஆகஸ்ட் 2 அன்று ஸ்கேப்பா ஃப்ளோ துறைமுகத்தில் விமானி எட்வின் டன்னிங், ஓடிக்கொண்டிருந்த ஃபியூரியஸ் போர்க்கப்பலின் தளத்தில் இறங்கினார். காற்றை எதிர்த்து ஓடியது அந்தக் கப்பல். விமானம் காற்றுக்கு ஏற்பத் திரும்புவது போதாதென்று, இறங்கும் இடமே காற்றுக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். கான்கிரீட் வரும் முன்பே குறுக்குக்காற்று விமானிகளைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறதே? உண்மைதான். 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி பிளெரியோ, டோவர் கோட்டைக்கு அருகே சுழன்றடித்த காற்றில் விமானத்தை முரட்டுத்தனமாகத்தான் இறக்க முடிந்தது. சக்கரச் சட்டமும் சுழலியும் உடைந்தன. அவருடைய பிளெரியோ 11 விமானத்தின் முன் சக்கரங்கள், நாற்காலிக்கு அடியில் உருளும் சக்கரங்களைப்போலத் தாமே திரும்பிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. விமானம் பக்கவாட்டில் நழுவியபடி தரையைத் தொட்டாலும் சக்கரம் நகரும் திசைக்குத் தானே திரும்பிவிடும். ஆக, சிக்கலை அவர்கள் அறிந்தேயிருந்தார்கள். ஆனால் அது எங்கெல்லாம் எழுந்தது என்று பாருங்கள். குன்றுகளுக்கு நடுவே கிடைத்த சரிவு, மரங்களுக்கு இடையே வெட்டிய பொழில்வெளி, சாலை, ஆற்றங்கரை, கடற்கரை மணல். இவை எல்லாமே ஒரே போக்கில் நீளும் இடங்கள், கோடுகள். கோடு இருந்த இடத்தில் குறுக்குக்காற்றும் இருந்தது. அகன்ற மைதானத்தில் அது இல்லை. அதனால் இந்த மறுப்பு வாதத்தைக் கலைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. பக்கச் சறுக்கு என்ற உத்தியும் பழையதுதான். ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கம் சுக்கானை மிதித்து, காற்றில் சரிந்து இறங்கும் இந்த வித்தையை முதல் உலகப்போர் விமானிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் அதைப் பெரிதும் பயன்படுத்தியது உயரத்தைக் குறைக்க. அன்றைய பெரும்பாலான விமானங்களில் வேகத்தையும் உயரத்தையும் தணிக்கும் இறக்கை மடிப்புகள் கிடையாது; மைதானத்தின் வேலியைத் தாண்டியதும் சட்டென்று கீழே வர இந்தச் சறுக்கல் உதவியது. பின்னாளில் அதே கருவி வேறொரு வேலைக்கு எடுக்கப்பட்டது.

மைதானம் ஏன் கோடானது? காற்றை மறந்ததால் அல்ல, சேற்றினால். இந்தியாவின் தொடக்ககால விமான அஞ்சல் சேவையே இதற்கு நல்ல சான்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு புஸ் மாத் விமானத்தில் அஞ்சலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். பம்பாயில் அவர்களுக்கு வாய்த்த இடம் ஜூஹூ கடலோரத்து மண் தரை. பருவமழை தொடங்கியதும் அது நீரில் மூழ்கிவிடும். சேவையைப் புனேவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் களிமண் நிலத்திலும் இதே கதைதான், எடை மட்டும் பல மடங்கு. இரண்டாம் உலகப்போரில் குண்டு நிரப்பிய நான்கு எஞ்சின் விமானங்கள் மாரிக்காலப் புல்வெளியில் புதைந்தன. தளம் முழுவதற்கும் கான்கிரீட் போட எந்த அரசாலும் முடியாது. பட்டையாகத்தான் போட முடியும். பட்டை போட்ட கணத்தில் காற்று குறுக்காயிற்று. பிரிட்டிஷ் விமானப்படை இதை உணர்ந்தே இருந்தது என்பதற்கு 1942-இல் அது வகுத்த ‘ஏ’ வகுப்புத் தளத்தின் வரைபடமே சாட்சி. 2,000 கஜ நீளத்தில் ஒரு முதன்மைப் பாதை. அதைச் சுமார் 60 பாகையில் வெட்டும்படி 1,400 கஜ நீளத்தில் மேலும் இரண்டு. முதன்மைப் பாதையை, கூடுமானவரை, அந்நாட்டில் மிகுதியாக வீசும் தென்மேற்குக் காற்றை ஒட்டியே போட்டார்கள். இந்த முக்கோணத்தின் கணக்கு அழகானது. மூன்று பாதைகளும் 60 பாகை இடைவெளியில் இருப்பதால், காற்று எந்தத் திசையில் வீசினாலும் ஏதாவது ஒரு பாதையிலிருந்து 30 பாகைக்கு மேல் விலகியிருக்காது. 30 பாகையில் வரும் காற்றின் குறுக்குக் கூறு அதன் வேகத்தில் சரிபாதி. 20 நாட் வேகத்தில் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று வீசினாலும் விமானி சமாளிக்க வேண்டியது 10 நாட்தான். மைதானத்தின் வட்டத்தை மூன்று கோடுகளால் தோராயமாக மீட்டெடுத்த வரைபடம் அது. சுமையில் பாதியைத் தரை ஏற்றுக்கொண்டது.

போருக்குப் பின் தரை மெல்லப் பின்வாங்கியது. விமானங்கள் பெருத்தன, ஜெட் எஞ்சின் வந்தது, பாதையின் நீளம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. மூன்று திசைக்கும் அவ்வளவு நீளமான பாதை போட நிலம் ஏது, பணம் ஏது? ஒன்றையொன்று வெட்டும் பாதைகளில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு: ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும். இணையாகக் கிடக்கும் இரண்டு பாதைகளுக்கு நடுவே போதிய இடைவெளி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் இறங்கலாம். நெரிசல் பெருகப் பெருகக் காற்றின் கணக்கைவிடப் போக்குவரத்தின் கணக்கே வென்றது. லண்டன் ஹீத்ரூவில் 1950-களில் மூன்று திசைகளில் மூன்று ஜோடிப் பாதைகள் நட்சத்திர வடிவில் கிடந்தன. இன்று கிழமேலாக ஒரே ஒரு ஜோடி. நம் ஊர்களிலும் இந்த வரிசையைத் தரையிலேயே படிக்கலாம். பழைய நிலையங்களான மீனம்பாக்கத்திலும் மும்பை சாந்தாகுரூஸிலும் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. 2008-இல் திறந்த பெங்களூரு நிலையத்தில், பின்னர் சேர்த்ததையும் கணக்கிட்டால், இரண்டு பாதைகளும் இணை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரையும் இந்தப் பின்வாங்கலை எண்ணில் எழுதிவைத்திருக்கிறது. காற்றைக் காரணமாகக் கொண்டு பார்த்தால், ஒரு நிலையத்தின் பாதைகள் நூற்றுக்கு 95 பங்கு நேரமாவது பயன்பட வேண்டும். நீண்ட பாதை தேவைப்படும் பெரிய விமானங்களுக்கு 20 நாட், குறுகிய பாதை போதுமான சிறு விமானங்களுக்கு 10 நாட் குறுக்குக்காற்று வரை தாங்கலாம் என்று வைத்து இதைக் கணக்கிட வேண்டும். மிச்சமுள்ள 5 பங்கு ஆண்டுக்கு 18 நாளுக்குச் சமம். அந்த நேரத்தை மட்டுமல்ல, வரம்புக்குள் அடங்கும் அந்த 10, 20 நாட் காற்றையும் விமானியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் உட்பொருள்.

தரை விட்ட இடத்தை இயந்திரத்தால் நிரப்பலாம் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்க சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆதரவோடு, பிளெரியோவின் தானே திரும்பும் சக்கரம் புது உருவில் வந்தது. குட்இயர் நிறுவனம் செய்த இந்தச் சக்கரம் செஸ்னா 195 போன்ற விமானங்களில் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. இது வெற்றி பெற்றால் ஊருக்கு ஒரே ஒரு பாதை போதும், சிற்றூர்களும் விமானத்தளம் கட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. இறங்குவதற்கு அது உதவியது. தரையில் உருளும்போது விமானம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வேறொரு பக்கம் நகர்ந்தது. எடையும் பராமரிப்பும் கூடின. சிறு விமான உலகில் அது நிலைக்கவில்லை. நிலைத்த இடம் ஒன்றுண்டு: 1952-இல் முதன்முதலில் பறந்த பி-52 குண்டுவீச்சு விமானம். அதன் இறக்கை விரிவு 56 மீட்டர். முதன்மைச் சக்கரங்கள் உடலுக்கு அடியில் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. இறக்கையைத் தாழ்த்தி இறங்க அதனால் ஆகாது. அதனால் இறங்கும் முன்பே சக்கரங்களை இடமோ வலமோ 20 பாகை வரை திருப்பி வைத்துக்கொள்ளலாம். விமானத்தின் மூக்கு காற்றைப் பார்க்க, சக்கரங்கள் பாதையைப் பார்க்கும். மாற்று வழி எதுவும் இல்லாத இடத்தில் மட்டுமே இயந்திரம் இந்தச் சுமையை முழுதாக ஏற்றது.

இன்னொரு முயற்சி இதைவிடத் துணிச்சலானது. ஃபிரெட் வீக் வடிவமைத்து 1937-இல் பறந்த எர்கூப் விமானத்தில் சுக்கான் மிதியே கிடையாது. கையிலுள்ள ஒரே சக்கரம் இறக்கை மடல்களையும் சுக்கானையும் ஒருசேர இயக்கியது. கார் ஓட்டத் தெரிந்தவர் விமானமும் ஓட்டலாம் என்பது நோக்கம். போர் முடிந்த கையோடு மேசிஸ் பல்பொருள் அங்காடியில்கூட அதை விற்றார்கள். மிதி இல்லாததால் குறுக்குக்காற்றில் அது கோணலாகவே வந்து கோணலாகவே தரையைத் தொடும். தொட்டதும் தானே நேராகிவிடும். காரணம் அதன் மூக்குச் சக்கரம். வண்டியை மாடு முன்னாலிருந்து இழுத்தால் வண்டி நேராகப் போகும். பின்னாலிருந்து தள்ளச் சொன்னால் வண்டி திரும்பி மாட்டின் மேலேயே சாயும். வால் சக்கரம் கொண்ட பழைய விமானங்களில் எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருந்தது. கோணலாகத் தரையைத் தொட்டால் பின்னெடை முந்திக்கொள்ளப் பார்க்கும். விமானம் பம்பரம்போலச் சுழன்றுவிடும். இதற்குக் ‘கிரவுண்ட் லூப்’ என்று பெயர். மூக்குச் சக்கர விமானத்தில் எடை முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அது உடலை நேராக இழுத்துவிடும். 1956-இல் வந்த செஸ்னா 172 இந்த மூக்குச் சக்கரத்தை உலகெங்கும் பரப்பியது. ‘லேண்ட்-ஓ-மேட்டிக்’ என்று அந்நிறுவனம் அதற்குப் பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. ஆனால் அந்தப் பெயர் சொன்ன அளவுக்கு வேலை தானாக நடக்கவில்லை. எர்கூப் வழிவந்த பிற்கால விமானங்களில் சுக்கான் மிதிகள் திரும்பி வந்தன. செஸ்னாவில் அவை ஒருபோதும் நீங்கவில்லை. மூக்குச் சக்கரம் பிழையை மன்னித்தது. பிழையே நேராமல் இறக்கும் பொறுப்பு விமானியிடமே இருந்தது.

அந்தப் பொறுப்பை அருகில் போய்ப் பார்த்தால்தான் எவ்வளவு மிஞ்சியது என்பது விளங்கும். காற்று இடப்பக்கமிருந்து அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றைக் கடக்கும் பரிசல்காரர் எதிர்க்கரையின் துறைக்கு நேராகப் பரிசலை விடமாட்டார். நீரோட்டத்தை எதிர்த்துச் சற்று மேலே குறிவைத்துத் துடுப்புப் போடுவார். விமானியும் மூக்கை இடப்பக்கம் காற்றுக்குள் திருப்பி வைத்து, நண்டுபோல ஒருக்களித்தபடி பாதையின் நடுக்கோட்டின் மேல் வருகிறார். இது நண்டு நடை. வானில் இது சுகமான நடை. இறக்கைகள் மட்டமாக இருக்கும். தரையில் அப்படியே தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் தேயும். ஆகவே தொடுவதற்குச் சற்று முன் வலது மிதியை அழுத்தி மூக்கை நேராக்க வேண்டும். மூக்கு வலப்பக்கம் திரும்பும்போது இடது இறக்கை முன்னோக்கி வீசப்பட்டு மேலே எழப் பார்க்கும். அதே கணத்தில் கையை இடப்பக்கம் திருப்பி அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். முந்திச் செய்தால் காற்று விமானத்தைப் பாதையை விட்டு ஒதுக்கும். பிந்தினால் சக்கரம் முறுக்கிக்கொள்ளும். இந்த நேரக் கணக்கை நம்பாதவர்கள் இரண்டாம் வழியை எடுப்பார்கள். சற்று உயரத்திலேயே இடது இறக்கையைக் காற்றின் பக்கம் தாழ்த்தி, வலது மிதியால் மூக்கை நேராக நிறுத்தி, பக்கச் சறுக்கிலேயே இறங்குவார்கள். முதலில் இடச் சக்கரம், பிறகு வலச் சக்கரம், கடைசியில் மூக்குச் சக்கரம். இரண்டையும் கலந்து, நண்டு நடையில் வந்து சறுக்கில் முடிப்பதே இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் முறை. தொட்ட பிறகும் வேலை முடிவதில்லை. வேகம் குறையக் குறைய மடல்களின் பிடி தளரும். அதனால் கையை இடப்பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும், விமானம் நிற்கும் வரை. மிதியை அடிவரை அழுத்திய பின்னும் மூக்கு நேராகாவிட்டால் அதற்கு மேல் அந்தப் பாதையில் இறங்க முடியாது. வேறு பாதையைத் தேடிப் போக வேண்டும். ஒரே பாதை உள்ள தளத்தில் அதற்குப் பொருள், வேறு ஊரைத் தேடிப் போக வேண்டும் என்பது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று காத்திருக்கிறது. இயந்திரம் மேம்பட்டதால்தானே இரண்டாம் பாதைகள் தேவையற்றுப் போயின? விமானியின் தலையில் சுமை ஏறியது என்று ஏன் சொல்ல வேண்டும்? பெரிய ஜெட் விமானங்களைப் பொறுத்தவரை இது சரி. 140 நாட் வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு 15 நாட் குறுக்குக்காற்று என்றால், நடுக்கோட்டில் நிலைத்திருக்க அது ஏறத்தாழ 6 பாகை திரும்பினால் போதும். அதே காற்றில் 60 நாட் வேகத்தில் இறங்கும் சிறு விமானம் 14 பாகைக்கு மேல் திரும்ப வேண்டும். வேகம் பெருவிமானத்துக்குக் கொடுத்த விடுதலையைச் சிறுவிமானம் பெறவே இல்லை. பெருவிமானத்தின் கணக்கை வைத்துப் பாதைகள் குறைந்தன. விளைவு சிறுவிமானத்தின் மேலும் விழுந்தது. சிறு விமானங்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ் விதி நெடுங்காலம் சொன்னதும் இதையே காட்டுகிறது: விமானம் மிதக்கும் தன்மையை இழக்கும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறுக்குக்காற்றில் அதைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது என்று நிரூபிக்க வேண்டும். 50 நாட்டில் மிதப்பை இழக்கும் விமானம் என்றால் 10 நாட் காற்று. செஸ்னா 172-இன் கையேட்டில் வரும் 15 நாட் என்ற எண்ணும் ‘செய்துகாட்டியது’ என்றுதான் குறிக்கப்படுகிறது. சோதனை விமானி அவ்வளவில் இறக்கிக் காட்டினார் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யவில்லை. அதற்கு மேல் முடியுமா என்ற கேள்வி அன்றைய காற்றையும் அன்றைய விமானியையும் பொறுத்தது.

அதற்காக ஊர்தோறும் மூன்று பாதை போட முடியுமா என்று கேட்டால், முடியாது; அப்படிக் கேட்பதும் இந்த வாதத்தின் நோக்கமல்ல. 1960-களில் அமெரிக்கக் கடற்படை, அரிசோனாவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வட்டச் சோதனைப் பாதையில் விமானங்களை இறக்கிப் பார்த்தது. வட்டத்தில் எங்காவது ஓரிடத்தில் காற்று எதிரே வரும் என்ற பழைய நியாயம்தான். விமானங்கள் இறங்கின; ஆனால் வட்டப் பாதை விமான நிலையமாக உருவெடுக்கவில்லை. கோடு மலிவானது, கோட்டில் வரிசையாக இறக்குவது எளிது. அந்த லாபத்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பாதையை மூடும்போது மிச்சமாவது கான்கிரீட் செலவு மட்டும்தான். காற்றை எதிர்கொள்ளும் செலவு மறையவில்லை, பயிற்சிக்கான மணி நேரமாக இடம் மாறியிருக்கிறது. ஒற்றைப் பாதைத் தளத்தில் கற்கும் மாணவருக்குக் குறுக்குக்காற்றுப் பயிற்சியைப் போனால் போகிறதென்று ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, காற்றடித்த நாட்களில் வகுப்பை ரத்து செய்வது அந்தச் செலவை ஏய்ப்பதுதான். மோட்டார் இல்லாத கிளைடர்கள் பறக்கும் சில இடங்களில் இன்றும் அகன்ற புல்வெளிகள் உண்டு. காற்றுப்பையைப் பார்த்து அன்றைக்குப் பொருந்தும் பக்கமாக அங்கே இறங்கலாம். அங்கே காற்றுக்குத் திசை மட்டும் உண்டு. ‘குறுக்கு’ என்ற பெயர் அதற்கு இன்னும் அவ்வளவாக ஒட்டவில்லை.